நாட்டின் ஆக்கமும் அதனை அளக்கும் அளவையும்

ஒரு பொருளின் உண்மையை நிச்சயிக்கப் புகுவார் முதற்கண் அளவையை நிச்சயித்தல் வேண்டுமென்பது சித்தாந்த நூலாசிரியர்க்கு ஒத்த துணிபு. சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் அளவை இலக்கணத்தை முன்னர் வகுத்து, அதன் பின்னரே சூத்திரப் பொருளிற் புகுந்தமையும் இக்கருத்துப் பற்றியே. அளக்குங்கோல் கோணுமாயின் அளந்த நிலமனைத்தும் கணக்கிற் பிழைபடும். பிழையென்று அறிவதற்கும் வேறு கோல் வேண்டும்.

இக்காலத்து அரசுகள் தத்தம் நாட்டின் ஆக்கத்தை ஆண்டுதோறும் ஓர் எண்ணால் அளந்து வெளியிடுகின்றன. மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப் பெயர் பெற்ற அவ்வெண் நூற்றுக்கு ஐந்து ஏறிற்றாயின் நாடு நலம் பெற்றதென்று முரசறைகின்றனர். ஒன்று இறங்கிற்றாயின் நாடு நலிந்ததென்று நடுங்குகின்றனர். இவ்வெண் நலத்திற்கு அளவையாகுமா ஆகாதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம். 'இது பொருணூலார் தொழிலன்றோ. சைவ சித்தாந்தப் பத்திரிகைக்கு இதனால் ஆவதென்னை?' என வினவுவார் உளராகலாம். பொருளை எண்ணுதல் அவர் தொழிலே. எண்ணிய பொருள் உயிர்க்கு எதன்பொருட்டு என்னும் வினா அவர் நூலுள் விடை பெறுவதன்று. அது நம்முடைய வினா.

இவ்வளவையின் தோற்றத்தைச் சிறிது நோக்குவாம். 1929-ஆம் ஆண்டிற்குப் பின் அமெரிக்காவில் நேர்ந்த பெரும் பொருட்டாழ்வில், நாடு எவ்வளவு இழந்தது என்பதை அறிதற்கும் அந்நாட்டார்க்கு ஒரு கணக்கு இருந்திலது. அக்கணக்கை வகுத்து 1934-ஆம் ஆண்டில் அந்நாட்டு மேலவையின்முன் வைக்கப்பட்ட அறிக்கையை ஆக்கியவர் சைமன் குஸ்நெட்ஸ் என்பார். 1971-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அறிஞர் இவர். வியக்கத்தக்கது யாதெனில், நாட்டு வருமானக் கணக்கினின்றும் நாட்டு மக்களது நலத்தை உய்த்துணர்தல் அரிது என்னும் எச்சரிக்கையை அவ்வறிக்கையிலேயே அவர் எழுதிவைத்தமை. தச்சன் தானே 'இக்கோல் மரத்திற்கு. நிலத்திற்கன்று' என்று பொறித்துக் கொடுத்திருக்க, அதனை வாங்கியோர் அக்கோலாலேயே நிலத்தை அளந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் உலகமெங்கும் அதுவே கோலாயிற்று.

அவ்வெண் எதனை எண்ணும், எதனை எண்ணாது விடும் என்பது தெரிந்துகொள்ளத் தக்கது. விலைக்கு வந்த பொருளையும் கூலிக்கு வந்த தொழிலையும் அஃது எண்ணும். ஒருத்தி உணவுச்சாலையிற் கூலிக்குச் சமைத்தால் அது நாட்டின் ஆக்கம். அவளே தன் வீட்டில் மக்கட்குச் சமைத்தால் அஃது ஒன்றுமன்று. காட்டினை வெட்டி விற்ற தொகை வரவிற் சேரும். காடு ஒழிந்தமை எப்பக்கத்தும் ஏறாது. நோய் மிக மிக மருந்துச் செலவு மிகும். அச்செலவும் ஆக்கமென்றே கூட்டப்படும். வீட்டுக் கணக்கன் ஒருவன் இங்ஙனம் எழுதிவந்தால் அவனை மறுநாளே அனுப்பிவிடுவோம்.

நிற்க. இனி இதனைக் கருதலளவையின் முறையில் வைத்து நோக்குவாம். 'இந்நாடு நலமுடைத்து, வருமானம் ஏறினமையின்' என்பது மேற்கோளும் ஏதுவும். இவ்வேது குற்றமற்றதாதற்கு, அது பக்கத்திலும் சபக்கத்திலும் நிற்றலோடு விபக்கத்திற் செல்லாதொழிதலும் வேண்டும். நலங் குன்றிய இடத்தும் வருமானம் ஏறக் காணப்படுமாயின் அஃது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாய் முடியும். அங்ஙனம் காணப்படுகின்றதா? காணப்படுகின்றது. அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டிற்கும் 2017-ஆம் ஆண்டிற்கும் இடையே நாட்டு உற்பத்தி ஆண்டுதோறும் ஏறிவந்தது. அதே காலத்தில் மக்களது சராசரி ஆயுள் ஏறாமல் சிறிது இறங்கிற்று. கொள்ளைநோயோ போரோ அப்பொழுது அதற்குக் காரணமன்று. வலிபோக்கும் மயக்கமருந்துகளாலும் தற்கொலையாலும் நடுவயதினர் பெருந்தொகையாய் மாண்டமை காரணங்களுள் ஒன்று. உலகிலேயே மிகுந்த செல்வமுடைய நாட்டில், மருத்துவத்திற்கு மிகுதியாகச் செலவிடும் நாட்டில் இது நிகழ்ந்தது. ஆகவே ஏது விபக்கத்திற் சென்றது.

இனி இதற்கு மறுதலையாக, வருமானம் பெரிதும் ஏறாத இடத்தும் நலம் ஏறிய உதாரணம் உண்டு. அஃது இலங்கை. ஆயின் ஒன்று குறித்துக்கொள்க. இவ்வுதாரணம் முற்கூறிய ஏதுவைக் கெடுப்பதன்று. பழுக்கக் காய்ந்த இரும்பிற் புகையின்றியும் நெருப்பிருத்தலால் புகையென்னும் ஏதுக் கெடாதவாறு போலக் கொள்க. அது கெடுப்பது வேறொரு கூற்றை. 'வருமானம் ஏறியபின்னரே நலம் வரும். அதுகாறும் ஏழைகள் பொறுத்திருப்பாராக' என்னும் கூற்றை. பொருணூலார் சிலரது வாயில் இக்கூற்று அடிக்கடி வருதலின் இலங்கையின் வரலாற்றைச் சற்று விரித்துரைப்பாம்.

1934, 1935-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் காய்ச்சலால் ஏறக்குறைய எண்பதினாயிரவர் மாண்டனர். அதற்குச் சிலவாண்டு முன்னர், 1931-இல், ஆணும் பெண்ணுமாகிய வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அந்நாட்டில் வழங்கப்பட்டிருந்தது. வாக்குக் கேட்டுக் கிராமத்திற்குச் செல்லவேண்டியிருந்தோர் கிராமத்திற்கு மருந்துச்சாலையும் பள்ளியும் கொண்டுசெல்ல வேண்டியவராயினர். 1942-இல் போர்க்காலத்தில் தொடங்கிய பங்கீட்டரிசி போர் முடிந்தபின்னும் நீடித்தது. 1945-இல் கன்னங்கரா அவர்களது முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கொசுவை ஒழிக்கும் மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. 1946-இல் ஏறக்குறைய 43 ஆண்டாயிருந்த சராசரி ஆயுள், 1950-களின் இடைப்பகுதியில் 60 ஆண்டளவாயிற்று. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுவர். செல்வம் அக்காலத்திற் பன்மடங்கு பெருகியதனால் அன்று என்பதில் மாறுபடுவார் இலர்.

இங்ஙனம் இருபுறத்தும் நோக்குழிப் போகம் வேறு, அதனால் உயிர் எய்தும் பயன் வேறு என்பது போதருகின்றது. இதனைச் சித்தாந்தம் முன்னரே வகுத்துவைத்தது. முதல்வன் மாயையினின்றும் உயிர்கட்குத் தோற்றுவித்துக் கொடுப்பன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. உடம்பும், அறிதற்குரிய கருவிகளும், நின்று வாழும் இடமும், நுகரப்படும் பொருளும் ஆகிய இந்நான்கும் உயிரின் அறிவு விளங்கி மலம் பரிபாகம் எய்துதற்பொருட்டன்றித் தம்பொருட்டு ஆவனவல்ல. நாட்டு உற்பத்தியென்னும் எண் இந்நான்கனுள் நான்காவதாகிய போகத்தை மாத்திரம் எண்ணி, அதனையே நான்குமாகவும், அதற்குமேல் பயனாகவும் கூறுகின்றது.

உலகத்தார் இக்குறையை உணராமற் போகவில்லை. 1990-ஆம் ஆண்டில் பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூபுல் ஹக் என்பார், நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் துணையுடன், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் மனித மேம்பாட்டுக் குறியீடு என்னும் புதிய அளவையை வெளியிட்டார். அதன் உறுப்புக்கள் மூன்று: நீண்ட ஆயுள், கல்வி, வருமானம். நம் பரிபாஷையில் இவை தனுவும் கரணமும் போகமும் ஆதல் வெளிப்படை. முதலில் இம்மூன்றனையும் கூட்டி மூன்றால் வகுத்தனர். அம்முறையில் ஒன்றன் குறைவை மற்றொன்றன் மிகுதி மறைத்துவிடும். 2010-ஆம் ஆண்டு முதல் கூட்டுதலை விட்டுப் பெருக்கி மூலங் காண்கின்றனர். இம்முறையில் ஒன்று மிகக் குறையின் மற்றவை எவ்வளவு மிகினும் முழுமையும் குறையும். கணக்கில் இது சிறியதொரு மாற்றம், கருத்திற் பெரியது. கண்ணில்லாதானுக்கு இருமடங்கு சோறு கொடுத்துக் கண் கொடுத்ததாகக் கணக்கெழுதுதல் ஆகாதென்பதை எண்ணால் ஒப்புக்கொண்டதாயிற்று.

ஆயினும் நான்கனுள் புவனம் விடுபட்டது. நிலம், நீர், காற்று ஆகிய இடம் கெட்டுக்கொண்டிருப்ப, அவ்விடத்தில் நின்று உண்பானது ஆயுளையும் படிப்பையும் வருமானத்தையும் மாத்திரம் எண்ணி உயர்ந்த நாடென்று மதிப்பிட்டு வந்தனர். 2020-ஆம் ஆண்டின் அறிக்கையில், புவிக்கு ஒவ்வொரு நாடும் ஏற்றும் சுமையைக் கழித்துக் காட்டும் குறியீடு ஒன்று சேர்க்கப்பட்டது. அப்பொழுது முன்வரிசையில் நின்ற செல்வநாடுகள் பல பின்சென்றன. முப்பதாண்டு கழித்துப் புவனமும் கணக்கில் ஏறிற்று.

இனி, அனைவரையும் தழுவுதல் என்பதனை நோக்குவாம். உயிர்கள் பல என்பது சித்தாந்தம். ஒருயிரே பலவாய்த் தோன்றுகின்றது என்பாரை நம் ஆசிரியர் மறுத்தது, ஒருவர் நுகர்ச்சி மற்றொருவர் நுகர்ச்சியாகாமை காட்டியன்றோ? ஒருவன் உண்டால் மற்றவன் பசி தீராது. அங்ஙனமாகவே சராசரி வருமானம், சராசரி ஆயுள் என்பன எவ்வுயிரின் அனுபவமும் அல்ல. பத்துப்பேருள் ஒருவன் நூறு படி உண்டு ஒன்பதின்மர் பட்டினி கிடப்பின் தலைக்குப் பத்துப்படி என்பது கணக்கிற் சரி; அப்பத்துப்படியை உண்டார் உலகில் ஒருவரும் இலர். சராசரியை நாட்டின் உயிர்போற் கருதிப் பேசுவார், தம்மையறியாமலே ஏகான்மவாதம் பேசுகின்றனர்.

மேலே புகழப்பட்ட இலங்கையே இதற்கும் உதாரணமாதல் வருந்தத்தக்கது. அந்நாட்டின் பள்ளிக்கும் மருந்துச்சாலைக்கும் அரிசிக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தேயிலை முதலிய தோட்டப் பயிர்களின் ஏற்றுமதி வரியினின்றும் வந்தது. அத்தேயிலையைக் கொய்தவர் யார்? தென்றமிழ் நாட்டுச் சிற்றூர்களினின்றும் சென்று மலைநாட்டில் லயங்களிற் குடியிருந்த தமிழ்மக்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதார் வாயிலுக்கு ஒருவரும் வந்திலர். இலவசக் கல்வி நாடெங்கும் பரவிய காலத்தில் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே விடப்பட்டன. 1970-களிலேதான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கிற்று. 1974-ஐ ஒட்டிய உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் சாவு பெருகிற்று. அக்காலத்திலும் இலங்கையின் சராசரி, உலக அறிஞரால் வியந்து கூறப்பட்டே வந்தது. குடியுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒருவாறு தீர்ந்தது. உடம்பிற் பட்ட வடு அத்துணை விரைவில் தீரவில்லை. 2016-ஆம் ஆண்டு எடுத்த கணக்கில், ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் வளராதவர் நாடுமுழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். போகத்தை விளைத்தவர்க்குத் தனுவும் கரணமும் கிடைத்தில.

மகிழ்ச்சியையே அளவையாகக் கொண்டோம் என்று புகழ்பெற்ற பூட்டான் நாட்டின் செய்தியும் இத்தகையதே. அந்நாட்டின் நான்காம் அரசர் 1970-களில் மொழிந்த கொள்கை 2008-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்திலும் ஏறிற்று. காட்டைக் காத்தலில் அந்நாடு பிறர்க்கு வழிகாட்டி என்பதை மறுக்கோம். ஆயின் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேபாள மொழி பேசும் குடிகள் ஓரிலக்கத்திற்கு மேற்பட்டோர் அந்நாட்டைவிட்டு நீங்கி நேபாளத்து முகாம்களில் உறைய நேர்ந்தது. அவருடைய மகிழ்ச்சியை அளந்தார் யார்? அளவை எத்துணைச் சிறந்ததாயினும், அளக்கப்படுவாரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் அளப்பானிடத்தே இருக்குமாயின் பயனில்லை.

இவ்விடத்து நம்மவருள்ளேயே ஒரு தடை எழும். 'அவரவர் வறுமை அவரவர் பிராரத்தம். அதனை அரசு மாற்றுதல் எங்ஙனம்? நாம் இதில் தலையிடுதல் வினைக்கொள்கைக்கு முரணன்றோ?' என்பர். மடங்களின் திண்ணையிலும் இத்தடை கேட்கப்படுதலின் இதனை விரைந்து கடத்தல் தகாது. வினை சடம், தானே சென்று செய்தானைப் பற்றாது, அறிந்து கூட்டுவிப்பவன் முதல்வன் ஒருவனே என்பது நம் கொள்கை. எவ்வுயிர்க்கு எவ்வளவு துன்பம் எஞ்சியுளது என்பதை முற்றுணர்வுடைய அவனே அறிவன். 'இவன் பசித்திருத்தற்கு உரியன்' என ஒரு வரவு செலவு அமைச்சரோ மடத்துக் காரியஸ்தரோ துணிவாராயின், அவர் வினைக்கொள்கையைப் போற்றியவர் ஆகார். முதல்வனது தொழிலைத் தமதாக எடுத்துக்கொண்டவரே ஆவர். மேலும், கஞ்சி இன்மை பிராரத்தமாயின், ஒருவன் கொண்டுவந்து ஊற்றிய கஞ்சியும் பிராரத்தமே. இன்மைக்கு மாத்திரம் வினையைக் காரணங் கூறி உண்மைக்குக் கூறாதுவிடுதல் ஒருதலை வழக்காம். நுகர்ச்சி பிறவுயிர் வாயிலாகவும் வருமென்று நூல் கூறும். அங்ஙனம் வாயிலாய் நின்றானுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும் என்பதையும் அந்நூலே கூறும். 1948-இல் கையுயர்த்திச் சட்டம் இயற்றியோர், லயத்திற் பிறந்த குழந்தையின் வினையைச் சுட்டித் தம் வினையினின்றும் தப்புதல் இல்லை.

நாவலரவர்கள் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபொழுதும், 1877-ஐ ஒட்டிய பஞ்சத்தில் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியபொழுதும் எவருடைய பிராரத்தத்தையும் கணித்துப் பார்த்திலர். ஆயினும் பிற்காலத்து வரலாறு ஒன்றையும் மறைத்தல் ஆகாது. 1930-ஐ ஒட்டி, உதவிபெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டுமென்று அரசு விதித்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்தோருட் சைவரெனத் தம்மைக் கூறிக்கொண்டாரும் இருந்தனர். பலகையில் இடங் கொடாதார் கரணம் கொடுத்தவராதல் யாங்ஙனம்?

இத்துணையும் கூறியதனால் போகம் வேண்டா என்றேமல்லேம். இதில் மயங்குவாரும் பலர். தனுவும் கரணமும் வளர்த்தற்குப் பொருள் வேண்டும். பொருளை விளைவிக்கும் வழியைக் கருதாது செலவிட்டு வந்த நாடு ஒருநாள் வெறுங்கையாய் நிற்கும். இலங்கை 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வரிகளைப் பெரிதுங் குறைத்தது, கொள்ளைநோய் வந்தது, கடன் மிக்கது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. இலவச மருந்துச்சாலைகளில் மருந்து இல்லாதொழிந்தது. அதற்கு முந்திய 2021-ஆம் ஆண்டில், புவனத்தைக் காப்பதாகக் கூறி இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்தனர், உழவர்க்கு மாற்றுவழி காட்டினாரிலர், விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டிற்குள்ளேயே தடையை நீக்கினர். நான்கனுள் ஒன்றைப் பேணுவதாக மற்றொன்றை அறுப்பது எத்திசையினின்றும் பிழையே.

இனிச் செய்யத்தக்கன எவை? பிற நாடுகளில் நடப்பனவற்றுள் ஒன்று நம் கருத்திற்கு மிக இயைந்தது. வேல்ஸ் நாட்டார் 2015-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, அரசு அலுவலகங்கள் தம் முடிவுகளில் வருங்கால மக்களது நலத்தையும் கருதவேண்டுமென்று விதித்து, அதனைக் கண்காணிக்க ஓர் ஆணையாளரையும் ஏற்படுத்தியது. இதனைப்பற்றி மேனாட்டுத் தத்துவர் ஒரு சங்கை எழுப்புவர்: இன்னும் பிறவாதவர் இல்லாதவர், இல்லாதவர்க்குக் கடமை உண்டாவது எங்ஙனம் என்று. சற்காரியவாதிகளாகிய நமக்கு இச்சங்கை இல்லை. உயிர்கள் அநாதி, நூறாண்டு கழித்துப் பிறப்போர் புதிதாய் உண்டாவாரல்லர், இன்றும் உள்ளவரே. இன்று நஞ்சூட்டிய ஆற்றின் கரையில் நாளைப் பிறப்பது அந்நஞ்சை ஊட்டியவனது உயிராகவே இருக்கவும் கூடும். புவனத்தைக் காத்தற்கு இதனினும் வலிய நியாயத்தை எந்தச் சட்டமன்றமும் கண்டதாக நாம் அறியோம். நம் அறிஞர் இதனை உலகத்தார்க்கு விளங்கும் மொழியில் எழுதாதிருப்பதே குறை.

அரசுகள் ஆண்டுக்கணக்கு வெளியிடுங்கால் சராசரியை முன்னும், பின்தங்கினோர் கணக்கைப் பிற்சேர்க்கையிலும் அச்சிடுகின்றன. இம்முறையை மாற்றிக் கடைசியில் நிற்பாரது ஆயுளையும் கல்வியையும் முதற்பக்கத்தில் வைப்பின், அமைச்சரது பேச்சும் அதற்கேற்ப மாறும். ஐக்கிய நாடுகளின் அறிக்கையில் 2010 முதல் ஏற்றத்தாழ்வைக் கழித்துக் காட்டும் குறியீடும் உளது. அதனை எடுத்துப் பேசுவார் அரியர். வீட்டில் உழைக்கும் மகளிரது தொழிலுக்கும் ஒரு தனிக்கணக்கு வேண்டும். காடு, நிலத்தடி நீர் இவற்றின் தேய்வு ஆண்டுதோறும் கழிக்கப்படல் வேண்டும்.

மடங்களுக்கும் இதிற் பங்குண்டு. நிலக்குத்தகை இத்துணைக் கலம், இலையிட்டது இத்துணைப்பேர் என்னும் ஏட்டோடு, நம் பாடசாலைகளில் முதன்முறையாகப் பள்ளியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் எத்துணைவர், அவருள் இடையில் நின்றார் எத்துணைவர், நின்றதற்குக் காரணம் யாது என்னும் ஏடும் ஒன்று எழுதப்படலாம். தோட்டப்புறத்துக் கோயில்களை அடுத்து மாலைநேரப் பாடசாலைகள் நடத்த விரும்புவார்க்கு ஆசிரியரும் பொருளுமே தடையாயிருக்கின்றன. ஆதீனங்கள் தம்மிடத்துப் பயின்ற இளைஞரை ஆண்டிற்குச் சில திங்களேனும் அங்கு அனுப்புதல் இயலாததன்று. அங்ஙனம் செல்வோர் பதிக வகுப்போடு கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கத் தக்கவராயிருத்தல் வேண்டும்.